கேட்காமல் வைத்த உப்பு: ஜிசிசியின் டுவார்ஃப் 5, ஒரு பயனரின் மதிப்புரை

நாம் எழுதும் புரோகிராமைக் கணினி ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் ஜிசிசி கம்பைலரை 16 ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். காசு கொடுத்து வாங்கிய பொருளாக இருந்திருந்தால் இதற்குள் நான்கைந்து மதிப்புரையாவது எழுதியிருப்பேன். இலவசம் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போதும் கம்பைலர் முழுவதையும் பற்றி எழுத வரவில்லை. ‘-ஜி’ என்று ஒரே ஓர் எழுத்தைத் தட்டினால் பிழை தேடுவதற்கான விவரங்களையும் சேர்த்து எழுதித் தருகிறதே, அதைப் பற்றி மட்டும்தான். எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அதுவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். 2021 ஏப்ரலில் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து அந்தத் தேர்வு, டுவார்ஃப் என்ற வடிவத்தின் 5-ஆம் பதிப்பு, அதாவது டுவார்ஃப் 5.

இப்படி நாம் சொல்லாமலே அமையும் தேர்வான இயல்புநிலை என்பது பந்தியில் இலை ஓரத்தில் கேட்காமலே வைக்கும் உப்பு. வைத்தவர் முகம் யாருக்கும் நினைவிருக்காது. அந்த உப்பு ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போன ஓர் இரவில்தான் இதை வைத்தது யார், ஏன் வைத்தார் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாத்திரைகளை அட்டையில் வைத்து மூடும் மெஷின்களுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுவது எங்கள் தொழில். மெஷினோடு ஒரு சிறிய லினக்ஸ் கணினியும் போகும். ஒரு முறை பொருத்திவிட்டால் அதைத் தொட வாடிக்கையாளர் விடமாட்டார். மருந்துத் தொழிற்சாலையில் ஒரு திருகை மாற்றுவதற்கே ஏழு கையெழுத்து வேண்டும். எனவே எங்கள் கம்பைலர் ஆண்டுக்கு ஆண்டு புதிதாகும், அது எழுதிய புரோகிராம் ஓடும் கணினி மட்டும் அப்படியே கிழடாகிக்கொண்டிருக்கும். 2022-இல் ஜிசிசி 9-இலிருந்து 11-க்கு மாறினோம். மாற்றியவன் நான்தான். சோதனைகள் எல்லாம் தேறின. பிழை தேடும் விவரத்தைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அந்த நவம்பரில் ஓர் இரவு ஒன்றே முக்கால் மணிக்கு ஜிகணியில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி. மெஷினை ஓட்டுபவர் திருப்பத்தூர்க்காரர், நிதானமான மனிதர். “சார், மெஷின் நின்றுவிட்டது. திரும்ப ஓட்டினால் பத்து நிமிடத்தில் மறுபடியும் நிற்கிறது. கொஞ்சம் வர முடியுமா?” என்றார். அல்சூரிலிருந்து ஜிகணிக்குப் பகலில் போவதென்றால் சில்க் போர்டு சந்திப்பிலேயே பாதி ஆயுள் கழிந்துவிடும். அந்த வேளையில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் தாள் சுற்றிய விசைப்பலகையின் முன்னால் உட்கார்ந்தேன். புரோகிராம் விழும்போது, அதாவது பிழையால் திடீரென நிற்கும்போது, தன் நினைவகத்தின் பிரதியாக விட்டுச்சென்ற கோர் கோப்பு இருந்தது. விவரங்களோடு கூடிய எங்கள் புரோகிராமின் பிரதியும் என் பென் டிரைவில் இருந்தது. அந்தக் கணினியில் இருந்த டிபக்கர், அதாவது பிழை தேடும் கருவி, ஜிடிபி 7.6, அதாவது 2013-ஆம் ஆண்டுச் சரக்கு. அதில் திறந்தேன்.

வந்தது ஒரே வரி. தொகுப்பு அலகின் (ஒரு மூலக் கோப்புக்கு உரிய விவரத் தொகுதியின்) தலைப்பில் பதிப்பு தவறு. 5 இருக்கிறது, 2, 3 அல்லது 4 இருக்க வேண்டும். அவ்வளவுதான். எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று காட்டும் அழைப்பு அடுக்கைக் கேட்டால் பதினொரு செயற்கூறுகளின் பெயர்கள் வந்தன. எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த மாறியில் என்ன மதிப்பு என்று எதுவும் இல்லை. பெயர்கள் வந்ததற்குக் காரணம் அவை வேறோர் அட்டவணையில் இருப்பதுதான். ‘-ஜி’ போடாவிட்டாலும் அவை கிடைத்திருக்கும். பின்னால் நின்றிருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “சார், நீங்கள் எழுதியதை உங்களாலேயே படிக்க முடியவில்லையா?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் இன்னும் உறைக்கிறது.

மறுநாள் அந்தக் கோப்பைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். விவரப் பகுதியின் தொடக்கத்தில் நான்கு பைட் நீளம். அடுத்த இரண்டு பைட் 05 00. பழைய டிபக்கர் அந்த இரண்டு பைட்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டது. முதலில் எனக்கு அதன் மேல்தான் கோபம். தெரிந்தவரைக்கும் படித்துக் காட்டினால் என்ன? பிறகுதான் அடுத்த பைட்டுகளைப் பார்த்தேன். டுவார்ஃப் 4-இல் பதிப்பெண்ணை அடுத்து நான்கு பைட்டில் சுருக்க அட்டவணை இருக்கும் இடம், அதன் பிறகு ஒரு பைட்டில் முகவரியின் அளவு, ஆக மொத்தம் 11 பைட். டுவார்ஃப் 5-இல் பதிப்பெண்ணை அடுத்து அலகின் வகை என்று புதிதாக ஒரு பைட், பிறகு முகவரியின் அளவு, கடைசியில்தான் அட்டவணையின் இடம். 12 பைட். கூட ஒன்று சேர்ந்தது மட்டுமல்லாமல் வரிசையும் மாறியிருக்கிறது. இதை ஊகித்துப் படிக்கிற டிபக்கர் தப்பான வரி எண்ணைத் துணிந்து சொல்லும். நானும் அந்த வரியில் மூன்று நாள் தலையை முட்டிக்கொண்டிருப்பேன். அது பிறந்தபோது 5 பிறக்கவே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தக் கிழத்தை மன்னித்துவிட்டேன்.

குற்றம் வேறு எங்கே? டுவார்ஃப் 5 பொருளளவில் நல்லது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதன் பூர்விகம் எண்பதுகளின் பெல் ஆய்வகம், யூனிக்ஸ் சிஸ்டம் 5. எல்ஃப் என்ற கோப்பு வடிவத்துக்குத் துணையாக வந்ததால், எல்ஃபுக்கு ஜோடியாகக் கதைகளில் வரும் குள்ளனின் பெயரை விளையாட்டாக வைத்தார்கள். 2-ஆம் பதிப்பு 1993, 3-ஆம் பதிப்பு 2005 டிசம்பர், 4-ஆம் பதிப்பு 2010 ஜூன், 5-ஆம் பதிப்பு 2017 பிப்ரவரி. ஒவ்வொரு பதிப்பிலும் அடிப்படை வேலை ஒன்றே: இந்த முகவரியில் இருக்கும் கட்டளை இந்தக் கோப்பின் இந்த வரியிலிருந்து வந்தது, இந்த மாறி இப்போது செயலிக்குள் இருக்கும் இந்தச் சிறு நினைவிடத்தில் (ரிஜிஸ்டரில்) இருக்கிறது, அதன் வகை இது.

5-இல் மாறியது சிக்கனம். ஓர் எடுத்துக்காட்டு. வேகத்துக்காக முறுக்கப்பட்ட புரோகிராமில் ஒரு மாறி ஓரிடத்தில் நிலையாக இருக்காது; நான்கு கட்டளை வரை ஒரு ரிஜிஸ்டர், அடுத்த ஆறு கட்டளைக்கு அடுக்கில் ஓர் இடம், பிறகு காணாமல் போகும். வாடகை வீடு மாறும் குடும்பம்போல ஒவ்வொரு மாற்றத்தையும் ‘இங்கிருந்து இதுவரை’ என்று குறித்து வைக்க வேண்டும். 64 பிட் கணினியில் டுவார்ஃப் 4 அந்த ‘இங்கிருந்து’, ‘இதுவரை’ இரண்டுக்கும் தலா 8 பைட் எடுத்துக்கொள்ளும். ஒரு குறிப்புக்கு எல்லை சொல்லவே 16 பைட். டுவார்ஃப் 5 ஓர் அடித்தளத்தைச் சொல்லிவிட்டு அதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் எழுதலாம். சிறிய எண்ணுக்குச் சிறிய இடம். பெரும்பாலும் ஓரிரு பைட்டில் முடிந்துவிடும். முழு விலாசத்தை எழுதுவதற்குப் பதிலாகக் கோயிலிலிருந்து மூன்றாவது வீடு என்று சொல்வதுதான். ஒரு பெரிய புரோகிராமில் இப்படிப்பட்ட குறிப்புகள் லட்சக்கணக்கில் இருக்கும். கோப்புப் பெயர்களையும் அடைவுப் பெயர்களையும் திரும்பத் திரும்ப எழுதாமல் ஒரே இடத்தில் சேர்த்துவைப்பதும் உண்டு. 25 சதவீதம் வரை சிறிதாகலாம் என்று ஜிசிசி 11-இன் வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறது. எங்களுக்கு அவ்வளவு வரவில்லை. ஆனால் வந்தது கண்ணுக்குத் தெரிகிற அளவு. பகுதிகளை ஒரே புரோகிராமாக இணைக்கும் லிங்கர் ஓடும்போது நான் டீக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் பிடித்திருக்கிறது. செயற்கூறுக்குள் நுழையும்போது ஒரு மாறியின் மதிப்பு என்னவாக இருந்தது என்பதை, அது அழிந்த பிறகும் அழைத்தவரிடமிருந்து கணக்கிட்டுச் சொல்லும் வசதி. ஜிசிசி இதைத் தன் சொந்த நீட்டிப்பாக முன்பே வைத்திருந்தது. 5-இல்தான் அது நெறிமுறைக்குள் வந்தது. வட்டார வழக்காக இருந்த சொல் இலக்கண நூலில் ஏறியதைப்போல. மாறியின் மதிப்பைக் கேட்டால் டிபக்கர் சொல்லும் ‘மேம்படுத்தலில் நீக்கப்பட்டது’ என்ற அந்த எரிச்சலூட்டும் பதிலை நான் பார்ப்பது முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

தேர்ந்தெடுத்த விதத்துக்கும் ஒரு பாராட்டு. நெறிமுறை வெளிவந்தது 2017 பிப்ரவரியில், இயல்புநிலையானது 2021 ஏப்ரலில். நான்கு ஆண்டுகள் பொறுத்திருக்கிறார்கள். 4-க்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2010-இல் வந்தது, 2013-இல் ஜிசிசி 4.8-இல் இயல்புநிலை ஆனது. இந்தப் பொறுமை எழுதுபவனுக்காக அல்ல, படிப்பவனுக்காக. ஜிடிபி 8.0 ஜூன் 2017-லேயே தயார். நினைவகப் பிழைகளைத் தேடும் கருவியான வேல்கிரைண்டின் 3.17 வந்தது 2021 மார்ச்சில், அதாவது ஒரு மாதம் முன்னால். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தையல்காரரிடமிருந்து வந்த சட்டை. எல்லா இடத்துக்கும் ஒரே சட்டத்தைத் திணிக்கவுமில்லை. இயங்குதளங்களில் ஏஐஎக்ஸுக்கு 4, டார்வினுக்கும் விஎக்ஸ்வொர்க்ஸுக்கும் 2 என்று விட்டுவைத்தார்கள். எந்தப் படிப்பவன் தயாராக இல்லை என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஜிகணியில் பிளாஸ்டிக் சுற்றிய விசைப்பலகைக்குப் பின்னால் இருக்கும் படிப்பவனை அவர்கள் எப்படிப் பார்க்க முடியும்? அதைப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

இனி குறைகள். பெரிய குறை, பேசாமல் மாறுவது. கம்பைலரைப் புதுப்பித்த முதல் நாளில் எந்த எச்சரிக்கையும் வராது. பழைய கட்டளை அப்படியே ஓடும், கோப்பு வரும், புரோகிராமும் ஓடும். மாற்றம் வெளிப்படுவது ஏதாவது ஒன்று விழும்போதுதான், அதுவும் வேறொருவர் கணினியில், பெரும்பாலும் நள்ளிரவில். வெளியீட்டுக் குறிப்பில் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறது என்பது உண்மை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளிலும் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது.

இரண்டாவது குறை கொஞ்சம் வேடிக்கையானது. கம்பைலரைக் கட்டும்போது உடன் இருக்கும் பின்யூட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்கர் முதலிய கருவிகளின் தொகுப்பு) 2.35.2-க்கு முந்தியதாக இருந்தால், விவரப் பகுதியை 5-ஆகவும் எந்தக் கட்டளை எந்த வரியிலிருந்து வந்தது என்று சொல்லும் வரி அட்டவணையை 4-ஆகவும் எழுதும். ‘-ஜிடுவார்ஃப்-5’ என்று வெளிப்படையாகக் கேட்டாலும் அப்படித்தான். பழைய கணினிக்காகப் பழைய அசெம்பிளரோடு கட்டிய கம்பைலர் எங்களுடையது. எனவே வேட்டி 5, சட்டை 4. வரி அட்டவணை 4 என்றால் பழைய டிபக்கர் வரி எண்ணையாவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? சொல்லாது. வரி அட்டவணை எங்கே இருக்கிறது என்று சொல்வதே விவரப் பகுதிதான். அறைக்குள் எல்லாம் பழைய சாமான், வாசல் கதவுக்கு மட்டும் புதுப் பூட்டு.

அந்தக் கோர் கோப்புக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். அதில் உற்பத்தி விவரங்கள் கலந்திருக்கும் என்பதால் வெளியே எடுத்துப்போக அனுமதி இல்லை. புதிய டிபக்கரை அங்கே நிறுவவும் அனுமதி இல்லை. மிச்சமிருந்த ஒரே வழி, அதே மூலத்தை அதே கம்பைலரில் ‘-ஜிடுவார்ஃப்-4’ என்று போட்டு மறுபடி கட்டி, அந்தப் பிரதியை எடுத்துச் செல்வது. ‘-ஜி’ சம்பந்தப்பட்ட எதுவும் கட்டளைகளை மாற்றக் கூடாது என்பது ஜிசிசியின் கொள்கை. நம்பலாம், ஆனால் சரிபார்க்க வேண்டும். எங்கள் குழுவில் இருக்கும் கிருஷ்ணகிரிப் பெண் இரண்டு பிரதிகளின் கட்டளைப் பகுதியையும் தனியாகப் பிரித்து ஒப்பிட்டாள். “ஒரு பைட்கூட மாறவில்லை அண்ணா” என்றாள். புரோகிராமின் அடையாள எண் மட்டும் மாறியிருந்தது. அதனால் டிபக்கர் தானாகத் தேடிக்கொள்ளாது, கையால்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

சந்தோஷமாக ஜிகணிக்குக் கிளம்பும் முன், நல்லவேளையாக, அலுவலகத்து அலமாரியில் இருந்த அதே பழைய கணினி ஒன்றில் திறந்து பார்த்தோம். அதே வரி. 5 இருக்கிறது, 2, 3 அல்லது 4 இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அவள்தான் கண்டுபிடித்தாள். எங்கள் கோப்புகள் எல்லாம் 4 ஆகிவிட்டன. ஆனால் சி++ மொழியின் ஆயத்தச் செயற்கூறுகள் அடங்கிய நூலகத்தை நாங்கள் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துக் கட்டுகிறோம். அந்த நூலகம் கம்பைலரோடு சேர்ந்து பிறந்தது. பிறந்த அன்றைய இயல்புநிலை என்ன? 5. டுவார்ஃபில் ஒவ்வொரு அலகும் தன் பதிப்பெண்ணைத் தானே சுமக்கிறது, ஒரே புரோகிராமுக்குள் 4-உம் 5-உம் கலந்து இருக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் பழைய டிபக்கருக்கு ஒரே ஒரு 5 கண்ணில் பட்டாலும் போதும், முழுப் புரோகிராமையும் ஒதுக்கிவிடுகிறது. பாயசத்தில் ஒரு கல் கிடந்தால் பாத்திரத்தையே கவிழ்ப்பவர்போல. நூலகத்திலிருந்து பிழை தேடும் விவரத்தை மட்டும் உரித்துவிட்டு மறுபடி கட்டினோம், மறுபடி ஒப்பிட்டோம், திறந்தது. ஜிகணியில் அன்று மாலை பதினொரு அடுக்குகளும் வரி எண்ணோடு வந்து நின்றன. பிழை அற்பமானது. சென்சார்களை எண்ணும் இடத்தில் ஒன்று கூடுதல். எழுதியது யார் என்று நான் பார்க்கவில்லை; நானாக இருக்கும் என்று ஒரு சந்தேகம் இருந்தது.

மற்ற கடைகளிலும் விசாரித்தேன். இன்னொரு கம்பைலரான கிளாங் 2022 மார்ச்சில் வந்த 14-ஆம் பதிப்பில் 5-க்கு மாறிவிட்டது, அதனால் கம்பைலரை மாற்றித் தப்பிக்க முடியாது. அது பெயர்கள் போன்ற எழுத்துச் சரங்களை எண் வழியாகச் சுட்டும் புதிய முறையைத் தாராளமாகப் பயன்படுத்தும். பழைய பின்யூட்டில்ஸில் முகவரியை வரியாக மாற்றும் கருவி அதைப் பார்த்துப் புரியாத வடிவம் என்று ஓர் எண்ணைத் துப்பும். கிளாங்கில் ஒரு வசதி எனக்குப் பிடித்தது: ‘-ஜி’ போட்டால் எந்தப் பதிப்பு என்பதை மட்டும் தனியாகச் சொல்லிவைக்க ஒரு விருப்பம் இருக்கிறது. அதைப் போட்டுவைத்தால் ‘-ஜி’ கேட்காத கோப்புக்கு விவரம் வந்து சேராது. ஜிசிசியில் ‘-ஜிடுவார்ஃப்-4’ என்று எழுதினாலே விவரமும் சேர்ந்து வந்துவிடும். பதிப்பை மட்டும் சொல்லி விவரம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சின்ன விஷயம்தான், ஆனால் புரோகிராமைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய, பல கைகள் தொடும் கட்டுமானக் கோப்பில் சின்ன விஷயங்கள்தான் காலை வாரும். டுவார்ஃபுக்கு முந்திய ஸ்டாப்ஸ் என்ற வடிவத்தை இன்னும் யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், 2023-இல் வந்த ஜிசிசி 13 அதைக் கழற்றிவிட்டது. பெர்க்லியில் ஒரு பாஸ்கல் டிபக்கருக்காகப் பிறந்த பழைய உயிர். கடைசியாக எப்போது பயன்படுத்தினேன் என்று யோசித்தேன், நினைவில்லை.

என் மதிப்பெண்? ஐந்துக்கு நான்கு. கேலிக்காகச் சொல்லவில்லை, எண் அப்படி அமைந்துவிட்டது. எழுதும் கணினியிலேயே படிப்பவர்கள், கணினியை அடிக்கடி புதுப்பிப்பவர்கள் எதையும் தொட வேண்டாம். இலையில் வைத்ததைச் சாப்பிடலாம். எங்களைப்போல ஓரிடத்தில் எழுதி வேறோரிடத்தில் படிப்பவர்கள், கம்பைலரைப் புதுப்பிக்கும் நாளிலேயே வேண்டுமென்று ஒரு புரோகிராமை விழவைத்து, வாடிக்கையாளரிடம் இருக்கும் டிபக்கரில் திறந்து பாருங்கள். அரை மணி நேர வேலை. நான் அதைச் செய்யாமல் ஓர் இரவையும் ஒரு முழுப் பகலையும் செலவழித்தேன். கம்பைலரின் சொந்த நூலகங்களையும் பதிப்பெண் குறிப்பிட்டே கட்டுங்கள். நாங்கள் அடுத்த மாதமே அப்படி மாற்றிக்கொண்டோம்.

எங்கள் கட்டுமானக் கோப்பில் ‘-ஜிடுவார்ஃப்-4’ என்ற வரிக்கு மேலே அந்தப் பெண் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாள்: ‘ஜிகணிக் கணினி மாறும்வரை இதை நீக்காதீர்கள்.’ ஆயுத பூஜைக்கு மெஷினை நிறுத்திக் கழுவித் துடைக்கும்போது லினக்ஸையும் மாற்றிவிடுவதாகத் தொழிற்சாலையில் சொல்லியிருக்கிறார்கள். போன வருடமும் அதையேதான் சொன்னார்கள். அப்போது கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும் வைத்தார்கள்.